வேட்பாளர் குடிக்காத பிளேன்டி

12 ஓகஸ்ட், திங்கள்.

இன்று வேட்பாளர் ஐயா எங்கள் மஹய்யாவ சந்தியில், என் தேத்தண்ணிக் கடை முன்னால் நின்று பேசினார். "நாங்க வந்தா லைசன்ஸ், பெர்மிட் ஒன்னும் கிடையாது. சட்டதிட்டம் எல்லாத்தையும் மூட்டை கட்டி மகாவலி ஆத்துல போட்டுருவோம்!" நானும் கைதட்டினேன். சுகாதாரப் பரிசோதகரிடம் நான் பட்ட பாடு அப்படி.

பேச்சு முடிந்து உள்ளே வந்தவருக்குப் பால் விடாத பிளேன்டியும் வடையும் வைத்தேன். அவர் தொடவில்லை. கண் மட்டும் ஒவ்வொரு சுவராக மேய்ந்தது. எதைத் தேடுகிறார் என்று எனக்கு ஒரே யோசனை. கடைசியில் காதருகே குனிந்தார்.

"அண்ணே, சுகாதார சர்டிபிகட் எடுத்திருக்கீங்களா? நமக்குக் கொஞ்சம் வயிறு சரியில்ல."

"இருக்குங்க ஐயா. வாசல்ல மாட்டியிருந்தேன். காலையில உங்க ஆளுங்க அதுக்கு மேலதான் உங்க போஸ்டர ஒட்டுனாங்க."

சிரித்தார். ஆனால் குடிக்கவில்லை.

நாளை பரிசோதகர் வருகிறார். போஸ்டரைக் கிழித்தால் ஐயாவின் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். விட்டால் பரிசோதகர் விடமாட்டார். கடை பூட்டும்போது ஈரத்துணியால் மெல்ல உரித்துப் பார்த்தேன். ஐயாவின் வாய் மட்டும் கழன்று வந்தது. அந்த ஓட்டைக்குள் பரிசோதகரின் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது.

அவ்வளவு தெரிந்தால் போதுமோ?