முத்திரை இல்லாத காகிதங்கள்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்ல, எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குறைகூட இல்லாமல் இருக்க வேண்டும்.

அத்தை போய் இரண்டு மாதமாகிறது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அத்தைக்கு எழுதிய கடிதங்கள் அத்தையின் பெட்டியில் இருக்கின்றன, பத்திரமாக எடுத்து வையுங்கள், அடுத்த முறை வரும்போது என் கையில் தருவதாக அத்தை சொல்லியிருந்தாள் என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தை இந்தம்மா படித்துக் காட்டுவதற்கு ஐந்து நாள் முன்பே பெட்டியை ஒழித்துவிட்டேன் கண்ணு. போனில் சொல்ல நாக்கு எழவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் பியூனாக இருந்தவனுக்குத் தெரிந்தது, முத்திரை விழுந்த காகிதம் முக்கியம், விழாதது குப்பை, அவ்வளவுதான். நாய்க்கு ஊசி போட்ட சீட்டைப் பத்திரப்படுத்தினேன், நாய் செத்துப் பதினோரு வருஷம். பென்சிலில் எழுதி மங்கிப்போன, உறையில்லாத காகிதக் கட்டு ஒன்றை வெந்நீர் அடுப்பில் போட்டேன். யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம், வீட்டு விஷயம் தெருவுக்குப் போகக் கூடாதென்ற வீம்பு. அன்னைக்கே ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே மாமா, என் வாயென்ன ரேடியோவா என்று இந்தம்மா கேட்டாள். அதையும் எழுது என்றேன்.

எனக்கு எழுத்துத்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு கடிதமும் வந்த அன்றே அத்தை அடுக்களைப் படியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். பதினேழும் எனக்கு மனப்பாடம். இரண்டாவதில், பாப்பா வலப்பக்கம் படுத்தாத்தான் தூங்குவா, அவர்கிட்ட சொல்லுங்க, அவராக் கவனிக்க மாட்டார் என்று உன் அம்மா எழுதியிருந்தாள். வாரம் ஒன்றாகச் சொல்லி எழுதி அனுப்புகிறேன், ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், என்னைத் திட்டின இடத்தையும் விட மாட்டேன். ஆனால் இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அத்தை படிக்கும்போது சில இடங்களில் கண் மட்டும் கீழே போகும், வாய் திறக்காது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வேறெங்கோ தொடங்குவாள். என்னக்கா என்றால், இது பொம்பளைங்களுக்குள்ள, உனக்கில்லடா என்பாள். கடைசிக் கடிதத்தில் முக்கால் பக்கம் அப்படியே போயிற்று. அந்த முக்கால் பக்கம் என்னிடம் இல்லை கண்ணு. அது உனக்கென்று இருந்தது.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பேரனைக் குளிரில் வெறுங்காலோடு விடாதே. மனசில் வைத்துப் புழுங்காமல், தோன்றியதைத் திட்டியாவது பதில் போடு. ஒரு வரி தாண்டாமல் படிக்கும்படி இந்தம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு, உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை)