பாரமான பெயர்

1979 பிப்ரவரி 12

பேரன் பிறந்துவிட்டான். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. யாஷார் மர மில்லிலிருந்து தலையெல்லாம் மரத்தூளோடு ஓடிவந்து, "அம்மா, பையன்!" என்றான். அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் அழுதேன். பாலைப் பொங்க விட்டுவிட்டு அழுகிற ஆள் இல்லை நான்.

பெயர் தயார். நாற்பத்தோரு வருஷமாகத் தயார்.

இஸ்கெந்தர்.

எதிர்வீட்டில் இருக்கிற சம்பந்தி ராஸியா காதைத் தீட்டிக்கொண்டு கேட்கட்டும்.

பிப்ரவரி 14

அப்பாவின் பெயர்ப் புத்தகத்தைத் துடைத்து வைத்தேன். அதன் பின்பக்கத்துக் காலித் தாள்களில்தான் இதையெல்லாம் எழுதி வருகிறேன். முன்பக்கம் முழுக்க அப்பா. மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர். எங்கள் கிளாதன் ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும், பெயருக்கு என்ன பொருள், எந்த நாட்டிலிருந்து நடந்து வந்த பெயர் என்று எழுதி வைத்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் டாக்டர் பெண்டாட்டியே என் வீட்டுப் படியேறி வந்து பெயருக்குப் பொருள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

முனெவெரா: ஒளி பெற்றவள். அரபி. ஜுல்ஸா: ரோஜா. பாரசீகம். பெஹியா: அழகானவள். அரபி. அது நான். ராஸியா: உள்ளதே போதும் என்று மனம் நிறைந்தவள். அதுவும் அரபி. இவளைப் பார்த்த பிறகு எழுதியிருந்தால் அப்பா அந்த வரியை அடித்துவிட்டிருப்பார்.

இஸ்கெந்தர்: கிரேக்கப் பெயர். அரபி வழி, துருக்கி வழி எல்லாம் சுற்றி நம்மிடம் வந்தது. மனிதரைக் காப்பவன். பக்கத்தில் அப்பா கையால் 1938 என்று இருக்கிறது. என் முதல் பிள்ளை.

எனக்குப் பத்தொன்பது வயது. ராஸியாவுக்கும் அதே வயது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சிநேகிதி. பிள்ளை பார்க்கத் தெருப் பெண்கள் எல்லாம் கூடியிருந்தபோது வந்தாள். தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "பிள்ளை ஒரு பிடி, பேரு ஒரு பல்லக்கு! பாரம்டீ பெஹியா, தாங்க மாட்டான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

முப்பத்து மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

எங்கள் பக்கம் பிள்ளை தேறவில்லை என்றால் பெயர் பாரம் என்பார்கள். அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். எனக்கு எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் மடி காலி. யாரும் பிறந்த பிள்ளையை என் மடியில் வைக்க மாட்டார்கள். "பாரப்பேர் பெஹியா" என்று பெயர். அதை ஊருக்குக் கொடுத்தவள் அவள்தான்.

பிறகு யாஷார் பிறந்தான். யாஷார் என்றால் வாழ்கிறான். துருக்கிப் பெயர். பயத்தில் வைத்தது. வாழ்ந்தவன், இத்தனை பெரிய ஊரில் போயும் போயும் ராஸியா மகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

இந்த முறை அதே பெயர் நிற்கும். அவள் வாயாலேயே தினம் கூப்பிடுவாள்.

பிப்ரவரி 19

பெயர் வைக்கிற நாள் இன்று. கீரை அடைத்த சுருள் ரொட்டிக்கு மேஜை நீளத்துக்கு மாவு இழுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது பேருக்குச் சாப்பாடு, வேறு யார் செய்வது? அடுத்த அறையில், பெயர் வைக்கும்போது ஓதுகிற பாங்குச் சத்தம். இமாம் இன்னும் வரவில்லையே, யார் சொல்வது? மாவுக் கையோடு ஓடினேன். ராஸியா புருஷன் எத்ஹெம், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு காதோரம் குனிந்து பெயரை மூன்று தடவை சொல்லி முடித்துவிட்டான்.

ஸ்லாதன். ஸ்லாதன். ஸ்லாதன்.

"இமாமுக்கு வழியில பனியாம், சம்பந்தி. நேரம் தப்பக் கூடாதுன்னு இவரே சொல்லிட்டாரு" என்றாள் ராஸியா, சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டே. மருமகள் பிஸெரா, "இந்தக் காலத்துப் பேரு அத்தை" என்றாள். யாஷார் கம்பளத்தில் பூ எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தான். அப்படியென்றால் அவனுக்கும் தெரியும்.

ஸ்லாதன்: நம் ஸ்லாவ் பேச்சிலேயே உள்ளது. தங்கம். மகள் பிஸெரா, முத்து. பேரன் தங்கம். இவள் பெயர் வைக்கிறாளா, நகைக்கடை வைக்கிறாளா?

பிப்ரவரி 20

விடமாட்டேன். தேதி போட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 25

தெருப் பெண்கள் பிள்ளை பார்க்க வந்தார்கள். அல்வா நன்றாக வந்திருந்தது. ராஸியா உட்கார்ந்து முழங்காலை மடக்குவதற்குள், விருந்தாளியைப் போகச் சொல்லாமல் சொல்கிற அந்தக் கடைசிக் காப்பியைக் கொண்டுபோய் நீட்டினேன். அதுவும் வெடிப்பு விழுந்த கோப்பையில்.

"என்ன சம்பந்தி, வந்த கால் ஈரம் இன்னும் காயல, அதுக்குள்ள கிளம்புற காப்பியா?"

"உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பேரு வைக்கணுமே."

பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அவள் அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "சக்கரை தூக்கல்" என்று சொல்லிவிட்டு, மேலும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சழுத்தக்காரி.

மார்ச் 6

பிள்ளை பால் கக்குகிறான். கடைவாயில் வழிவது இல்லை. பீச்சி அடிக்கிறது, எதிரே இருப்பவர் மேல்.

மார்ச் 8

பெண்கள் தினம். யாஷார் எனக்கொன்று, பிஸெராவுக்கொன்று சிவப்புப் பூ வாங்கி வந்தான். தெருப் பெண்கள் காப்பிக்கு வந்திருந்தார்கள், ராஸியாவும். பிள்ளை மறுபடி கக்கினான். கன்னம் வற்றிவிட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள்.

நான் அவசரப்படவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பேரு பாரம்" என்றேன். "தங்கம்ல? இந்தப் பிஞ்சு உடம்பு எப்படித் தாங்கும்?"

ராஸியாவின் கோப்பை உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து, செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் போனாள்.

நாற்பத்தோரு வருஷம். என்ன ருசி! அல்வா எல்லாம் எம்மாத்திரம்.

மார்ச் 10

பிஸெரா காலையில் என் காலடியில் உட்கார்ந்தாள். "பேரை மாத்திடுங்க அத்தை. இல்லேன்னா துஸ்லா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"ஆஸ்பத்திரி எதுக்கு? பேரை எடுத்தா சரியாயிடும். ஆனா வச்சவங்க வந்து கேக்கணும். உங்கம்மா என் வாசல்ல நின்னு கேக்கட்டும். அப்ப எடுக்கிறேன்."

சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

மார்ச் 11

வரவில்லை. வாசற்படியைக் கழுவினேன். எங்கே நிற்பாள் என்று பார்த்துவைத்தேன்.

மார்ச் 12

வரவில்லை. பிள்ளை அழுவது பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. நெற்றியில் கிழவன் மாதிரி சுருக்கம். பிஸெரா மறுபடி துஸ்லா என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

வருவாள். வராமல் எங்கே போவாள்?

மார்ச் 13

வந்தாள். பனியில், வீட்டுச் செருப்போடு, முக்காடு சரிந்து. நான் பார்த்துவைத்த இடத்தில்தான் நின்றாள்.

"பெஹியா, எடுத்துடு. உன் இஷ்டப்படி வை. இஸ்கெந்தர்னே வை. தெருவுல நின்னு நானே கூப்பிடுறேன். எடுத்துடுடீ."

சொல்வதற்கு எத்தனையோ வைத்திருந்தேன். வரிசையாக. ஒவ்வொரு சொல்லும் சாணை பிடித்தது. வாயைத் திறப்பதற்குள் ராஸியா, என் பின்னால் பிஸெரா கையிலிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டாள். உள்ளே நுழைந்து அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளினாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அவன் அழவும் இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"துஸ்லாவுக்குப் போகலாம்னு சொன்னேம்மா... அத்தைதான்..." பிஸெரா முடிக்கவில்லை.

ராஸியா என்னைப் பார்த்தாள். "எவன்கிட்ட கார் இருக்கு?" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக் காரில் ஏறினோம். வழியெல்லாம் பிள்ளை அவள் மடியில். நான் கேட்கவில்லை.

மார்ச் 14, துஸ்லா

அறுத்துவிட்டார்கள். பிழைத்தான்.

டாக்டர் சின்னப் பெண். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். இரைப்பையின் கீழ்வாயில் ஒரு தசை தடித்துவிடுமாம். பால் இறங்காதாம், திரும்பி வந்து பீச்சுமாம். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்" என்றாள். பிறகு, "குடும்பத்துல முன்னாடி யாருக்காவது வந்திருக்கா? ஆம்பளப் பிள்ளைக்கு? மூணு நாலு வாரத்துல?"

"இல்லை" என்றான் யாஷார்.

"இருந்துச்சு" என்றேன். "1938-ல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஸியாவும்.

இஸ்கெந்தரும் இப்படித்தான் கக்கினான். சுவர் வரை போகும். நீலப் போர்வையில் கறை. எத்தனை தடவை துவைத்தேன்! அது எப்படி எனக்கு ஞாபகம் வராமல் போனது? இவன் என் கண் முன்னால் அதையே செய்தானே. அவள் சொன்ன சொல்லை ஒரு எழுத்து விடாமல் வைத்திருந்தேன். பாலை மறந்துவிட்டேன்.

வராந்தாவில் ராஸியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெஹியா, அன்னைக்கு நான் சொன்னது—"

"சொல்லாத" என்றேன்.

அவள் அதைச் சொல்லி முடித்துவிட்டால் என் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஸ்லாதன் கண்ணு முழிச்சுட்டான், அம்மா யாரு?" என்றாள். அவன் மணிக்கட்டில் சீட்டு கட்டியிருந்தார்கள். ஸ்லாதன். அந்தப் பெயரோடுதான் பிழைத்தான். பாரமாக இருந்தது பெயர் இல்லை.

மார்ச் 17

ஊருக்குத் திரும்பிவிட்டேன். ராஸியாவும் வந்துவிட்டாள். பிள்ளையும் தாயும் அங்கேயே. ரொட்டிக் கடைக்குப் போகப் பயமாக இருக்கிறது. மூன்று நாள் நான் பிள்ளையை நிறுத்திவைத்தது அவளுக்குத் தெரியும். நானாக இருந்தால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 20

இன்னும் சொல்லவில்லை. கடையில், "பேரன் எப்படி இருக்கான் பெஹியாக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். பிஸெரா வாயையும் அவள்தான் கட்டியிருக்க வேண்டும்.

எதற்குக் காத்திருக்கிறாள்? சொல்லித் தொலைக்கட்டுமே! சொன்னால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன், கணக்கு நேராகும். சொல்லாமல் என்னை இப்படித் தொங்க விட்டிருக்கிறாளே, இதுதான் அவள் பழியா? அப்படியென்றால் என்னைவிடக் கெட்டிக்காரி.

மார்ச் 24

பிள்ளை வீட்டுக்கு வந்தான். வயிற்றில் ஒரு விரல் நீளத் தையல். குடித்த பால் உள்ளேயே இருக்கிறது.

ஸ்லாதன், தெருப் பெண்கள் கேட்க நான் பாரம் என்று சொன்ன பெயர். அதை இனி வைத்திருக்க பிஸெராவுக்குப் பயம். இமாம் வந்து உட்கார்ந்தார். அப்பாவின் புத்தகம் என் மடியில். என்ன சொல்வேன் என்று எல்லோருக்கும் தெரியும். ராஸியா அடுப்போரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தைத் திறந்தேன். மனிதரைக் காப்பவன். எவ்வளவு அழகான பெயர். சொன்னால் அவள் தெருவில் நின்று கூப்பிட வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

வாய் வரவில்லை. அந்தப் பெயருக்குக் கீழே இவனைப் படுக்க வைக்க என்னால் முடியவில்லை. அது பாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் படம் போட்டே காட்டினாள். ஆனாலும் முடியவில்லை.

பக்கத்தைத் திருப்பினேன். "துர்மிஷ்" என்றேன்.

துருக்கிப் பெயர். நின்றுவிட்டவன். போகாமல் தங்கியவன். பிள்ளைகள் தங்காத வீட்டில் வைப்பது.

"அம்மா! அது மலையில ஆடு மேய்க்கிறவங்க பேரும்மா!" என்றான் யாஷார். பிஸெரா முகம் தொங்கியது. ராஸியா முதலில் முக்காட்டைக் கடித்தாள், பிறகு அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"வைங்க, வைங்க. சின்னப் பேரு. தூக்கிட்டு நடக்கலாம்" என்றாள்.

அது குத்தலா, இல்லையா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை.

நகராட்சிப் பதிவில் அவன் ஸ்லாதனாகவே இருக்கட்டும். வீட்டில் சுருக்கமாகத் துர்மோ.

செப்டம்பர் 2

கொல்லையில் பிளம் ஜாம் கிளறிக்கொண்டிருந்தேன். துர்மோ மரத்தடியில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு மாடி ஜன்னல் திறந்தது.

"துர்மோ! அடேய் துர்மோ! என் ஆட்டுக்காரா!"

தெரு முழுக்கக் கேட்டது. தினம் இதே கூத்து. நாணப்பட்டுக் கூப்பிடுவாள் என்று பார்த்தால், பெயரை அவளே பெற்றெடுத்த மாதிரி கத்துகிறாள்.

நானும் கரண்டியை வைத்துவிட்டு, அவளைவிட உரக்க, "துர்மோ!" என்றேன்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தான்.

தேதி போட்டு எழுதிவிட்டேன். மறக்க மாட்டேன்.

"காப்பி இருக்கா?" என்று ஜன்னலிலிருந்தே கேட்டாள். "வர்ற காப்பியா, போற காப்பியா? அதை முதல்ல சொல்லு."

ஜாமை இறக்கி வைத்தேன். கோப்பை இரண்டு கழுவினேன். வெடிப்பு விழுந்ததை என் பக்கம் வைத்துக்கொண்டேன்.