மாமா கடை மேனேஜர்

பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் ஏதோ நடமாடிக்கொண்டு, குறை சொல்ல முடியாத அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கத்துவாய், நான் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதி உன் தங்கையிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அப்பா இப்போது தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் போய் வருகிறார், வந்ததும் உலகத்தையே சுற்றி வந்தவர் மாதிரி உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்கிறார். நீ பிடித்துவிட்ட மாதிரி காலைப் பிடித்துவிட எங்களுக்கு வரவில்லையாம், எனக்கும் தங்கைக்கும் முரட்டுக் கையாம். அவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறாள். எனக்குத்தான் முடியவில்லையடா. ஓட்டல் சலவைக்கூடத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அவர்கள் வேலையும் என் தலையில். நாள் முழுக்க ஈரத் துணி, ஆவி, மெஷின் இரைச்சல். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் இது என் கால்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

அந்த இரண்டு இடத்துக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். நான் ஆள் எடுக்கும் விதம் உனக்குத் தெரியுமோ என்னவோ, இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய ஒரு வெள்ளை விரிப்பை மேஜையில் விரித்து, இந்தக் கறையை எப்படிப் போக்குவாய் என்று கேட்பேன். அது போகாது. நூலே கருகிப்போனதற்கு எந்தச் சோப்பும் கிடையாது. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் போயிடும்மா, நான் போக்கிடறேன்மா என்று அடித்துச் சொல்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்களை எடுத்தால் நாளைக்கு ஒன்றைக் கருக்கிவிட்டு, மடித்து அடுக்கின் அடியில் செருகிவிடுவார்கள், பேச்சு வாங்குவது நான். இந்த முறை ஒருத்தி மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, இது போகாதுன்னுதான் தோணுது, வேற வழி இருந்தா சொல்லிக் குடுங்க என்றாள். முன்னே பார்த்த வேலையை ஏன் விட்டாய் என்றேன். அனுப்பிட்டாங்க, தினம் லேட்டாப் போனேன், அவங்க மேல தப்பில்லை என்றாள். மூஞ்சியைத் தொங்கப்போடவும் இல்லை, பழைய முதலாளியைத் திட்டவும் இல்லை. எடுத்துக்கொண்டேன். உண்மை சொன்னவள் எல்லாம் உத்தமி என்று நான் பாடம் எடுப்பதாக நினைக்காதே. வந்த வாரமே லேட்டாக வந்து நின்றாள், எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஏன் என்று கேட்டால், தூங்கிட்டேங்க என்கிறாள். மற்றவர்களுக்கு லேட்டானால் ஒரு சித்தப்பா செத்துப்போவார். எங்கள் சலவைக்கூடத்தில் இதுவரை செத்த சித்தப்பாக்களை ஒரு பஸ்ஸில் ஏற்ற முடியாது. இவளைத் திட்டவாவது முடிகிறது, அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயம். பழைய கம்பெனியில் நிறுத்திய பிறகு வீட்டில் இருந்த காலத்துக்கு, புதுக் கம்பெனி விண்ணப்பத்துல மாமா கடையில மேனேஜரா இருந்தேன்னு எழுதிட்டேன், கடை நம்பர்னு உன் நம்பரைத்தான் குடுத்திருக்கேன், கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லும்மா என்றாய். மாமாவிடம் சொன்னால் தெருவெல்லாம் தெரிந்துவிடும் என்று என்னைப் பிடித்தாய். நானும் அலுப்பில் சரி சரி என்றேன். நேற்று மத்தியானம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சின்ன வயதுக் குரல், மரியாதையான பேச்சு. கடைதானே என்றாள், ஆமாம் என்றேன். உன் பெயரைச் சொல்லி இங்கே வேலை பார்த்தாரா என்றாள், அதற்கும் ஆமாம் என்றேன். அதுவரைக்கும் உனக்காகச் சொல்லிவிட்டேனடா. அப்புறம் அவர் எப்படிப்பட்டவர், ஏன் விட்டுட்டுப் போனார் என்றாள். நான் அடுத்தவரைக் கேட்கிற அதே கேள்வி. எதையாவது சொல்லித் தொலைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், நான் அவனோட அம்மாங்க என்று வந்துவிட்டது.

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. கடையில் இல்லை, வீட்டில்தான் இருந்தான், மேலதிகாரியை எதிர்த்துப் பேசி வேலை போனது, தப்பு அவன் பேரிலும் இருந்தது என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான், குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை, அவன் அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்ட அன்றைக்கு எழுந்தவன்தான், அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, நடக்க வைக்கிற வரைக்கும் உட்காரவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டு மேனேஜர் என்று எழுதிவிட்டான் என்றேன். அந்தப் பெண் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், எழுதிக் குடுத்தது தப்புங்க, நான் மேல சொல்லித்தான் ஆகணும், ஆனா வியாழக்கிழமை இன்டர்வியூவை ரத்து பண்ணலை, அவரே வந்து சொல்லட்டும் என்று வைத்துவிட்டாள்.

கிடைக்க இருந்த வேலை கைநழுவினாலும் நழுவும். அம்மாதான் கெடுத்தாள் என்று நீ சொன்னால் மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. ஆனால் அங்கே போய் அம்மா உளறிட்டாங்க என்று ஆரம்பிக்காதே, நான் தப்பா எழுதிட்டேன் என்று நீயே முதலில் சொல். பழைய மேலதிகாரியைப் பற்றி வாயைத் திறக்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல், காலை ஆட்டாதே. அப்பாவைப் பார்த்துக்கொண்டதைச் சொல்லும்போது தலையைக் குனியாதே, அதில் குனிய ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் எப்போதும் சொல்வதையே என் ஆசீர்வாதத்தோடு சேர்த்து எழுதுகிறேன். திட்ட வேண்டுமானால் வியாழக்கிழமை முடிந்த பிறகு கூப்பிட்டுத் திட்டு, எந்த வேலையில் இருந்தாலும் எடுப்பேன். போகாமல் மட்டும் படுத்துவிடாதேடா.

உன்னை நம்புகிற,
அம்மா