வட்டம் சுற்றுகிற நேரம்

மார்ச் 4, செவ்வாய்
டேப்லெட் இன்று மூன்று முறை நின்றுபோனது. பக்கவாதம் வந்து பேச்சு போன என் வீட்டுக்காரருக்கு இப்போது அதுதான் வாய். படத்தை அமுக்கினால் அது பேசும். அதுவும் உடனே இல்லை, திரையில் வட்டம் சுற்றி, சுற்றி, நான் பத்து எண்ணி முடித்த பிறகு, "தயவுசெய்து தண்ணீர் தரவும்." முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் தயவுசெய்து என்று கேட்காத மனுஷன்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குக் கோபம்தான் வந்தது.

மார்ச் 6
மகள் போன் செய்தாள். அந்தக் கட்டைவண்டியைத் தூக்கிப் போடச் சொன்னாள். புதுசு வந்திருக்கிறதாம். அதே சின்ன அளவு, இடது கையிலேயே பிடிக்கலாம், தொட்டதும் பேசுமாம். சரி என்றேன்.

மார்ச் 8
கடைக்குக் கூட்டிப் போனேன். விரலை எடுப்பதற்குள் புதுசு பேசிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கணுமே! ஏழு மாசம் கழித்து அப்படி ஒரு சிரிப்பு. நம் படங்களையெல்லாம் அதற்கு மாற்றித் தருகிறவர் புதன்கிழமைதான் வருவாராம். புதனே ஆகட்டும்.

மார்ச் 9
நான் அடுப்படியில் இருந்தேன். டீ படத்தை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
"டீ!"
டேப் இல்லை. அவர். கரகரன்னு, எரிச்சலா, அவரே தான். பால் பொங்கி வழிஞ்சுது. வழியட்டும்.
தற்செயலா? எழுதவே பயமா இருக்கு, என் கண்ணே பட்டுடும்.

மார்ச் 10
பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் சொன்னேன். அரை மணி நேரம் அவரைக் கவனித்துவிட்டு எனக்குக் காட்டினாள்: வட்டம் சுற்றுகிறபோது அவர் உதடு அசைகிறது. ஏழு மாசமா பக்கத்துலயே இருக்கேன், நான் பார்த்ததெல்லாம் வட்டத்தைத்தான்.
"டேப் உடனே சொல்லிட்டா, அவர் வாய் எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றாள்.
அப்போ வாங்க வேண்டாமா? வலி வந்தா? அப்பவும் அவர் பத்து எண்ணணுமா? அவர் வாயை அடைக்க நான் யாரு?

மார்ச் 11
அவரையே கேட்டேன். இத்தனை நாளும் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி நாங்கள் பேசியிருக்கிறோம், வெட்கக்கேடு. புதுசு வாங்கட்டுமா?
விரல் டேப் பக்கம் போனது. பாதியில் நின்றது. "வே..." நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எனக்கே அது அதிசயம்.
"வேணாம்."
அவசரத்துக்கு அடிக்க ஒரு மணி வாங்கி அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன். மகளுக்குச் சொன்னேன். போனிலேயே அழுதாள்.

மார்ச் 23
ஒன்றுமில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. ரெண்டு பேருக்கும் அலுப்பு.

ஏப்ரல் 27
காலையிலேயே சண்டை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று. "நீ... எப்பவும்... இப்படித்தான்" என்றார். மருந்துக்குக்கூட ஒரு தயவுசெய்து இல்லை. நானும் விடவில்லை, சரிக்குச் சரி கொடுத்தேன்.
மத்தியானம் வீடு பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் டேப் கிடந்தது, சார்ஜ் இல்லாமல். எத்தனை நாளாகக் கிடக்கிறதோ, ரெண்டு பேருமே தேடவில்லை.