பதின்மூன்றாவது ஆள்

பெங்கெராங்
3 ஜூன் 2012

தங்கச்சி சவுதாவுக்கு அக்கா கல்சோமின் சலாம்.

போனில் பேசினால் நீ பேச்சை மாற்றுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்தன்று படகில் இருந்தவர்கள்: கல்யாணப் பெண் நீ. அம்மா, அப்பா. ரம்லா பெரியம்மா, அவள் மகள்கள் ஸைனாப், நோர்மா. ஹாஜி டோலா. கொம்பாங் மேளம் கொட்ட மூஸா, இஸ்மாயில், லத்தீப். என் வீட்டுக்காரர் யூனுஸ். யாரும் அழைக்காமல் ஏறிக்கொண்ட சிடெக் மாமா. படகோட்டி ஆ ஹெங் கணக்கில் சேரமாட்டான். "பழசெல்லாம் அக்காவுக்கு மறந்திருக்கும்" என்று உன் மகனிடம் சொன்னாயாமே. எனக்கா மறக்கும்?

உன் பேத்தி கல்யாணத்துக்கு சிங்கப்பூர் வர வழியும் நீயே எழுதிவிட்டாய். ஊரைச் சுற்றி ஜொகூர் பாரு போய்ப் பாலத்தில் பஸ் ஏறவேண்டுமாம். இல்லாவிட்டால் தஞ்சோங் பெலுங்கோரில் குளுகுளு கப்பலாம். என் வாசலில் நின்றால் சாங்கியில் இறங்கும் விமானத்தின் வயிறு தெரிகிறது. எதிர்க்கரைக்குப் போக அரை நாள் சுற்றச் சொல்கிறாய்!

எனக்குத் தெரிந்தது ஒரே வழி, நம் துறையின் மரப்படகு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஒரு ஆள் கூடினால் போலீஸ் விடாது. அந்த வழியும் அன்றைக்கே எனக்கு அடைத்துப்போனது. வெற்றிலைத் தட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்து, பெரியம்மா என்னை ஓடிப்போய் எடுத்துவரச் சொன்னாள். வந்து பார்த்தால் என் இடத்தில் சிடெக் மாமா, சிங்கப்பூர் கேலாங்கில் இருக்கும் இரண்டாம் பெண்டாட்டியைப் பார்க்கக் கிளம்பியவர்.

"மாமா, எந்திரிங்க. அது என் எடம்."

"இடுப்பு புடிச்சிக்கிச்சும்மா. அசைய முடியல."

"அடுத்த படகுல வாடி. என்ன குடி முழுகிப்போச்சு?" என்றாள் பெரியம்மா.

அடுத்த படகுக்கு அன்றைக்கு ஆள் சேரவே இல்லை. மஞ்சள் சோறு நான் ஆக்கியது, சாப்பிட்டது நீங்கள். உன்னை மணமேடையில் பார்க்காத கண் இது. அந்தக் கரையை அதற்கப்புறம் நான் மிதிக்கவில்லை. இனியும் வரமாட்டேன். பிள்ளைக்கு என் துஆ.

அக்கா கல்சோம்


பெடோக்
11 ஜூன் 2012

அன்பு அக்காவுக்கு சலாம்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். மாமாவின் இடுப்பை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சாங்கியில் முதலில் குதித்து ஓடினவரே அவர்தான்!

உன் கோபம் என்மேல்தான், எனக்குத் தெரியும். "அக்கா இல்லாமல் போகமாட்டேன்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமாவை இறக்கியிருப்பார்கள். வாயைத் திறந்தேன். பெரியம்மா தொடையில் கிள்ளினாள். தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா, என்னை மன்னித்துவிடு.

நீ சுற்றவும் வேண்டாம், ஆள் சேரக் காத்திருக்கவும் வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, நானும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளுமாகப் பதினோரு பேர் படகில் வருகிறோம். வரும்போது உங்கள் ஊர்க்காரர் யாரையாவது பன்னிரண்டாவதாக ஏற்றிக்கொள்வோம். திரும்பும்போது அந்த இடம் உனக்கு. நீ ஏறாவிட்டால் படகு கிளம்பாது. நாங்களும் உன் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவோம். கல்யாணப் பெண்ணும் வருகிறாள், பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி சவுதா


பெங்கெராங்
20 ஜூன் 2012

சவுதாவுக்கு அக்கா எழுதுவது.

பதினோரு பேருக்கு நான் எங்கே பாய் விரிப்பேன்? பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். படத்தில் கோழி திருடி மாதிரி இருக்கிறேன். வெற்றிலைத் தட்டு நான் கொண்டுவருகிறேன். இந்த முறை அது என் மடியில்தான் வரும்.

உன்மேல் எனக்கு என்ன கோபம்? கல்யாணப் பெண் எப்படியடி வாய் திறப்பாள்? பெரியம்மா படுக்கையில் விழுந்தபோது கஞ்சி ஊட்டினேன், அதோடு அவள் கணக்கும் முடிந்தது. சிடெக் மாமாவின் கபரில் யாசீன் ஓதிவிட்டேன். இடுப்பு இனி வலிக்காது.

ஆனால் அந்தப் படகில் இன்னொருவர் இருந்தார். வெற்றிலைத் தட்டை நான் நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதே கையால் என்னை ஏற்றிவிட்டு அவர் இறங்கியிருக்கலாம். இல்லை, என்னோடு துறையில் நின்றிருக்கலாம். கயிறு அவிழ்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி கையை ஆட்டினார். அப்புறம் அவருக்கு ஐந்து பிள்ளை பெற்றேன். அவருக்குப் பிடித்த புளிமீன் குழம்பை நாள் தவறாமல் வைத்தேன். கண் மூடுவதற்கு முன், "மனசுல ஏதாச்சும் இருந்தா மன்னிச்சிரு, சோம்" என்றார். "தண்ணி குடிங்க" என்றேன்.

நீங்கள் எல்லோரும் வாருங்கள். என் மனதில் மன்னிக்காமல் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்.

யூனுஸ்.