பெட்டிக்குள் ஜாக்கெட், காலில் ஷூ

ஜூலை 9, பேஷோ, எங்கள் தீவு

பெட்டி கட்டியாச்சு. நாட்டுப் பெயர் போட்ட சிவப்பு ஜாக்கெட் அடியில், அதன் மேல் உள்பாவாடை, அதற்கும் மேல் கருவாடு. எந்தச் சொந்தக்காரர் வந்து பெட்டியைத் திறந்தாலும் கருவாட்டோடு போய்விடுவார். போன தடவை ஜாக்கெட்டை விமான நிலையத்திலேயே என் மாமா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சொந்தம் வாய் திறந்து 'புபுட்டி', அதாவது உறவுமுறையில் கேட்கிறேன், கொடு என்று கேட்ட பிறகு இல்லை என்று சொன்னவள் ஊரில் தலைகாட்ட முடியாது. கண்ணில் காட்டாமல் இருப்பதுதான் புத்தி.

பளு தூக்கும் ஷூவைப் பெட்டியில் வைத்தால் எடை கூடுகிறது. "கால்ல போட்டுக்க அம்மணி" என்றார் பரனிகோ. காலையில் லாரி ஓட்டுவார், சாயங்காலம் எங்கள் தகர ஷெட்டில் பளு தூக்கச் சொல்லித் தருவார். போட்டுக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்துமூன்று வயது. போன தடவை பல நாட்டுப் போட்டியில் மூன்று தடவையும் கம்பியைக் கீழே போட்டேன். பூஜ்யம். மீன் விற்கும்போது யாரும் கேலி செய்வதற்கு முன் நானே சொல்லிவிடுவேன் - கம்பிதான் விழுந்துச்சு, மீன் நல்லா இருக்கு, வாங்குங்க என்று. ஆனால் விளையாட்டுச் சங்கத்து ஆள் சிரிக்கவில்லை. இந்தத் தடவையும் பூஜ்யம் என்றால் தூக்குவதற்குப் பெண்களை அனுப்ப மாட்டார்களாம். ஷெட்டில் என் பின்னால் நாலு பெண்கள் இருக்கிறார்கள்.

ஜூலை 10, ஃபிஜி

ஐயோ. என்ன செய்துவிட்டேன்.

விமானம் மாறுகிற இடத்துக்குச் சின்னம்மா மகள் மெராங் வந்திருந்தாள். மீன் டப்பா ஃபாக்டரியில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை. குதிகால் வீங்கிக் கிடந்தது. என் ஷூவைப் பார்த்தாள்.

"அக்கா, இது பின்னாடி ஒசரமா இருக்கே. போட்டுப் பாக்கட்டா?"

போட்டு நடந்தாள். முகமே மாறிப்போச்சு. "வலிக்கலக்கா" என்றாள். அப்புறம் மெதுவாக, "புபுட்டி கேக்கறேன்க்கா. இத எனக்குக் குடு."

"ஜாக்கெட் தரேன்டி. பெட்டியிலதான் இருக்கு, புதுசு."

"ஜாக்கெட் எதுக்கு, இங்க வேகுது."

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

பரனிகோ வந்து என் காலையே பார்த்தார். "ஷூ எங்க?"

"ஃபாக்டரிக்கு வேலைக்குப் போயிருக்கு."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, எப்படித் திட்டுவார்.

ஜூலை 12

போட்டி நடக்கிற ஊர். எழுபது நாட்டு ஆட்கள் இருக்கிறார்கள். குளிரில் பல் தந்தியடிக்கிறது. விமான நிலையத்தில் கருவாட்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஜாக்கெட் மட்டும் பத்திரம், குளிருக்குக்கூட வெளியே எடுக்கவில்லை.

கடைகடையாக ஏறி இறங்கினோம். ஓடுகிற ஷூ இருக்கிறது, பந்தாடுகிற ஷூ இருக்கிறது. தூக்குகிற ஷூ சொல்லி வைத்தால் ஒன்பது நாளாம். போட்டி பதினேழாம் தேதி. மற்ற நாட்டுக்காரர்களிடம் இரவல் கேட்டார் பரனிகோ. கொடுக்க வந்த இரண்டு பேர் ஷூவும் என் முன்பாதத்தோடு நின்றுவிட்டது.

ஜூலை 13

ஓடுகிற ஷூவில் தூக்கிப் பார்த்தேன். ஐந்து தடவை. ஐந்தும் விழுந்தது.

ஜூலை 14

குதிகாலுக்கு அடியில் தூக்குகிற ஷூவின் மரக்கட்டை இல்லாமல் என்னால் கம்பியோடு கீழே உட்கார முடியவில்லை. கணுக்கால் மடங்க மறுக்கிறது, முழங்கால் உள்ளே போகிறது. கம்பி பின்னால் சாய்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் துவாலுக்காரி தெலுபேயைப் பார்த்தேன். நூயித் தீவுப் பெண். அங்கே நம் பேச்சுதான், நம் வழக்கம்தான். கால் என்னுடையது மாதிரியே வாத்துக்கால். "நீயும் நானும் கடல்ல நடந்தா மூழ்க மாட்டோம்டி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் ஷூ எனக்குச் சரியாக வரும், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அதே போட்டியில், அதே நேரத்தில் அவளும் தூக்குகிறாள். நான் கேட்டால் கொடுத்துவிடுவாள். அதுதான் பயம். மெராங்கை நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன் - இப்போது நானே போய்க் கேட்பதா?

ஜூலை 16

கேட்க மாட்டேன். கேட்கவே மாட்டேன். கடவுளே, ஒரே ஒரு தடவை கம்பி நிற்கட்டும்.

ஜூலை 17

கேட்டுவிட்டேன்.

முதலில் ஸ்நாட்ச், கம்பியை ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. அதில் மூன்றும் விழுந்தால் எல்லாமே முடிந்தது. அறுபத்தொரு கிலோ. முதல் தடவை விழுந்தது. இரண்டாவதில் முழங்காலில் ஏதோ கிழிந்த மாதிரி. பரனிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறாரா? அந்த நாலு பெண்கள் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

பின்னறையில் தெலுபே, கம்பி வழுக்காமல் இருக்கக் கையில் வெள்ளை மாவு தடவிக்கொண்டிருந்தாள். அடுத்தது அவள்தான், அறுபத்திரண்டு. அவள் காலருகே உட்கார்ந்தேன்.

"தெலுபே, புபுட்டி."

என் காலைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் நாட்டுக்காரர் ஏதோ கத்தினார். அவள் தன் ஷூவின் பட்டையைப் பிய்த்தாள்.

"சீக்கிரம் போக்கா."

தூக்கினேன். நின்றது. நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளை, தூக்கியது செல்லும்.

ஓடி வந்தேன். ஷூ கழலவில்லை. என் கால் வீங்கியிருந்தது. அவள் இழுக்கிறாள், நான் இழுக்கிறேன், பரனிகோ என் இடுப்பைப் பிடித்து இழுக்கிறார். அவளுக்குக் கொடுத்த ஒரு நிமிடம் முடிந்து மணி அடித்துவிட்டது. அவளுக்கு ஒரு முயற்சி போச்சு. அப்புறம்தான் ஷூ கழன்றது.

இரண்டாவதில் அறுபத்திரண்டு தூக்கினாள். மூன்றாவதில் அவள் நாட்டுச் சாதனை அறுபத்தாறுக்கு நேரே தாவினாள். நடுவில் அறுபத்துநாலு வைத்திருந்தாள், அது நான் தின்ற முயற்சி. கம்பி விழுந்தது.

அடுத்தது கம்பியைத் தோளில் நிறுத்தி அப்புறம் மேலே தள்ளுகிற வகை; அதில் அவள் ஷூவையே மறுபடி வாங்கி ஒரே ஒரு தடவை தூக்கினேன், அதுவும் நின்றது. மிச்ச இரண்டையும் வேண்டாம் என்று சொல்லி, ஷூவை அவளிடமே விட்டுவிட்டேன். கணக்கில் எனக்கு ஒரு எண் வந்துவிட்டது. பூஜ்யம் இல்லை. சந்தோஷமாக இருக்கவேண்டும். இல்லை.

ஜூலை 18

தெலுபே வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"என்ன வேணும்னாலும் கேளுடி" என்றேன். "இந்த முழங்காலக்கூடக் கழட்டித் தரேன்."

"அது எதுக்கு, ஓட்ட முழங்கால்." கொஞ்சம் சிரித்தாள். "அக்கா, உன் ஜாக்கெட்."

பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். மடிப்புக்கூடக் கலையவில்லை. லேசாகக் கருவாட்டு வாசம் இருந்தது. அங்கேயே போட்டுக்கொண்டாள்.

ஜூலை 22, பேஷோ

விமானம் இறங்கியது. மற்றவர்கள் எல்லாரும் சிவப்பு ஜாக்கெட்டில், நான் மட்டும் பூப்போட்ட சட்டையில், ஓடுகிற ஷூவில், நொண்டிக்கொண்டு. சங்கத்து ஆள் கைகொடுத்தார். பெண்களுக்கான இடம் அப்படியே இருக்குமாம்.

ஷெட்டில் நாலு பேரும் காத்திருந்தார்கள். சுவரில் சுண்ணாம்பால் 61 என்று எழுதியிருந்தார்கள். என் காலைப் பார்த்தார்கள், சட்டையைப் பார்த்தார்கள். ஷூ எங்கே, ஜாக்கெட் எங்கே என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

சுண்ணாம்பை வாங்கி, 61க்குப் பக்கத்தில் தெலுபே என்று எழுதினேன். அது யாரென்றும் கேட்கவில்லை. கம்பியை எடுத்து வைத்தார்கள்.