ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள்

தேனி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் அனுசுயாவுக்கு அப்பா சுருளிவேல் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. போனில் பேசினால் உன் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் உன் மதினி ஜோதிலட்சுமிக்குக் கேட்கும். அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. திராட்சைப் பந்தலுக்கடியில் களைக்கொல்லி அடிக்கப் போனவன், மோட்டாருக்கு டீசல் உறிஞ்சுகிற மாதிரி, கேனில் டியூப்பை விட்டு வாயால் உறிஞ்சியிருக்கிறான். நம் பக்கத்தில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? ஒரு வாய் உள்ளே போய்விட்டது. 'கொப்புளிச்சுட்டேன்ப்பா, ஒண்ணுமில்ல' என்று சொல்லி, மிச்ச மருந்தையும் அடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான், கூறுகெட்ட பயல். வாயெல்லாம் புண்ணாகி, ஒன்றுக்குப் போவதும் நின்ற பிறகுதான் இங்கே கொண்டு வந்து சேர்த்தோம்.

நீ அன்றைக்கே கிளம்பி வருகிறேன் என்றாய். வந்து அழுது என்ன ஆகப்போகிறது, டாக்டர்களுக்கெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரை தேடிக் கொடுக்கிறவள், அந்த மெடிக்கல் காலேஜ் நூலகத்தில் உட்கார்ந்து உன் அண்ணனுக்கு ஒரு வழி தேடு என்று நான்தான் அதட்டினேன். நானும் சும்மா இருக்கவில்லை. கடையில் சொல்கிற பேரைப் போனில் போட்டுத் தேடினேன். அந்தக் கண்றாவியை எங்கே வாங்கலாம் என்றுதான் வந்தது! கடைப் பேரு உதவாது, கேனில் பொடி எழுத்தில் இருக்கிற ரசாயனப் பேரைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று நீ சொன்ன பிறகுதான் கட்டுரைகள் வந்து விழுந்தன.

அதில் எங்கோ ஒரு நாட்டில் ஒருத்தன் பிழைத்தான் என்றதும் நான் துள்ளிக் குதித்தேன். நீ விடவில்லை. 'பொழச்சவனப் பத்தி எழுதுவாகப்பா, செத்தவுகளப் பத்தி யாரு எழுதுவா? மருந்து குடுத்தவுக, குடுக்காதவுக ரெண்டு பக்கத்தையும் வச்சுப் பாத்த ஆராய்ச்சிதான் வேணும். அதையெல்லாம் ஒண்ணாச் சேத்துப் பாத்தது கெடச்சா இன்னும் நல்லது' என்றாய். கூடப்பிறந்தவனுக்கே நியாயம் பேசுகிறாள் பார் என்று உன் அம்மாவிடம் உன்னை ஏசினேன். அப்புறம் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாய், சேர்த்துப் பார்த்தும் இந்த மருந்து காப்பாற்றும் என்று உறுதியாகச் சொல்லும்படி ஒன்றுமில்லை என்று. அதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லி டாக்டரோடு மல்லுக்கு நின்றேன். இந்த விஷத்துக்கு ஆக்ஸிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெட்டுப்போகும் என்றார். நம்பாமல் உன்னைக் கேட்டேன். நீயும் தேடிப் பார்த்துவிட்டு, அவர் சொல்வது சரிதான், முடிந்த மட்டும் தள்ளிப்போடட்டும் என்றாய். அதிலிருந்து அவன் 'அப்பா, காத்து வைக்கச் சொல்லுங்கப்பா' என்று கையைப் பிடித்துக் கெஞ்சும்போதெல்லாம் நான்தான் வேண்டாம் என்றேன். பெற்ற மகனுக்குக் காற்றில்லை என்று சொன்ன பாவி, தாயி, நான்.

நேற்று நீ ஒரு வரிதான் அனுப்பியிருந்தாய். டாக்டரிடம் சொல்லி ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லுங்கள், இனி அவன் திணற வேண்டாம் என்று. போய்ச் சொன்னேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். 'இனித் தள்ளிப்போட்டு ஆவதில்லை' என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

வைத்துவிட்டார்கள். திணறல் குறைந்திருக்கிறது. காப்பி கேட்டான். உன் மதினி முகத்தில் இப்போதுதான் சிரிப்பைப் பார்க்கிறேன். 'மாமா, டாக்டரு எறங்கி வந்துட்டாக, பாத்தீகளா! கௌமாரி கண்ணத் தொறந்துட்டா' என்று சொல்லி வீரபாண்டிக் கோயிலுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். ஆமா ஆத்தா என்று நானும் தலையாட்டினேன்.

தேடியது போதும் தாயி. கம்ப்யூட்டரை மூடிவிட்டு இன்றைக்கே பஸ் ஏறு. அழுவதை வருகிற வழியிலேயே அழுது முடித்துவிடு. திடீரென்று ஏன் வந்தாய் என்று உன் அண்ணன் கேட்பான். லீவு கிடைத்தது என்று சொல். உனக்குப் பொய் சொல்ல வராது. இந்த ஒரு பொய்யை மட்டும் அவன் நம்புகிற மாதிரி சொல்லிவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

கௌமாரி உன்னைப் பத்திரமாக, சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா,
சுருளிவேல்